ஐயாயிரம் பவுண்டுக் கொக்கி

வீட்டை விற்றாயிற்று. சாவியை வாங்கிக்கொண்ட இளம் தம்பதி, சமையலறைச் சுவரை இடித்துவிடப் போவதாக ஆர்லீனின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டே போனார்கள்.

டோப்ரி ஊரின் மேல்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் துணை முதல்வராக இருந்து, முதல்வர் ஆகாமலே ஓய்வுபெற்றவர் மிலோ கூபிசெக். அவர் இனிமேல் மோட்டார்ஹோமிலேயே குடியிருந்து நாடு முழுக்கச் சுற்றப்போகிறார் என்பது நெப்ராஸ்காவின் அந்த மூலையில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் யாராவது இருந்தால் மிலோவே தேடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்திருப்பார்.

இதற்கெல்லாம் அவர் மனைவி ஆர்லீன் சம்மதித்தது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்.

"எந்த மோட்டார்ஹோம் வேணும்னாலும் வாங்கு மிலோ. ஆனா பின்னாடி என் கார் வரணும்."

விவரம் தெரியாதவர்களுக்கு இது சின்ன ஆசையாகத் தோன்றும். மோட்டார்ஹோமை ஓர் இடத்தில் நிறுத்தி, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்சாரக் கம்பி எல்லாவற்றையும் மாட்டிவிட்டால் அது வீடு. பால் தீர்ந்துபோனால் அத்தனையையும் கழற்றிச் சுருட்டி, வெளியே நீட்டிய சுவர்களை உள்ளே இழுத்து, வீட்டையே ஓட்டிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். அதனால்தான் புத்தியுள்ளவர்கள் பின்னால் ஒரு காரைக் கட்டி இழுத்துச் செல்கிறார்கள்.

ஆனால் ஆர்லீனுக்குக் கார் பாலுக்காக மட்டும் இல்லை.

மிலோ மோசமான மனிதர் அல்ல. குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். பேசுவார். காலை உணவின்போது பேச ஆரம்பித்தால், தட்டு கழுவி முடித்த பிறகும் முன்னுரை முடிந்திருக்காது. அந்த மாதிரி நாட்களில் ஆர்லீன் சாவியை எடுத்துக்கொண்டு, "இதோ வந்துடறேன்" என்று ஏரிக்கரைக்குப் போவாள். காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பாள். திரும்பி வரும்போது கணவர் மீது மறுபடியும் கொஞ்சம் பிரியம் வந்திருக்கும். அவர்களுடைய கல்யாணம் இத்தனை காலம் ஓடியது அந்தக் காரில்தான்.

சனிக்கிழமை காலை அந்தக் காரில்தான் இருவரும் மோட்டார்ஹோம் வாங்கப் புறப்பட்டார்கள். ஆர்லீன் ஓட்டினாள். மிலோ பக்கத்தில் உட்கார்ந்து, புதிதாக வாங்கிய வாக்கி-டாக்கியைச் சோதித்துக்கொண்டு வந்தார்.

"கோ-பைலட், கோ-பைலட். நான் பேசறது கேக்குதா? ஓவர்."

"உன் முழங்கை என் விலாவுல இடிக்குது மிலோ. கேக்காம எப்படி இருக்கும்?"

"கடைசியில ஓவர்னு சொல்லணும்."

"ஓவர்."

"அடுத்த சந்துல இடது பக்கம் திரும்பணும். ஓவர்."

"தெரியும். நேரா போனா சோளக்காடுதான் இருக்கு."

மிலோவின் தலையில் கப்பல் தலைவர் தொப்பி. கடல் அங்கிருந்து எந்தத் திசையிலும் எழுநூறு மைலுக்குக் குறையாது. முதுகில் 'கேப்டன்' என்று பொறித்த நீலச் சட்டை போட்டிருந்தார். அதே நீலத்தில் 'கோ-பைலட்' என்று பொறித்த ஒன்றை ஆர்லீனுக்கும் வாங்கி வந்திருந்தார். கப்பலில் ஏது கோ-பைலட் என்று அவள் கேட்கவில்லை. சட்டை சின்னதாகிவிட்டது என்று மட்டும் சொல்லி மடித்து வைத்திருந்தாள்.

விற்பனை வளாகத்தில் வெயில் கொளுத்தியது. வரிசை வரிசையாக வெள்ளை வண்டிகள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் மலையோ கழுகோ சூறாவளியோ தீட்டியிருந்தது. இவர்களைக் கண்டு ஓடிவந்த டாரின், மிலோவின் பழைய மாணவன். முப்பத்தைந்து வயதாகிவிட்டது, மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் மிலோவின் நிழல் தெரிந்ததும் வாயிலிருந்த சூயிங்கத்தை அப்படியே விழுங்கிவிட்டான்.

"வாங்க மிஸ்டர் கூபிசெக். வாங்க மேடம்."

"டாரின், பாக்கெட்ல இருந்து கையை எடு."

எடுத்துவிட்டான்.

முதல் வண்டி சிறியது. வேனை நீட்டி, உள்ளே ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வைத்ததுபோல் இருந்தது. மிலோ குளியலறையைச் சோதிக்க உள்ளே போனார். உள்ளே போனவரால் திரும்ப முடியவில்லை. போனபடியே பின்னோக்கி நடந்து வெளியே வந்தார்.

"இது மோட்டார்ஹோம் இல்ல. இது பிரெட் கொண்டு போற வண்டி."

இரண்டாவது ஆர்லீனுக்குப் பிடித்துவிட்டது. முன்பக்கம் லாரி மாதிரி மூக்கு. ஓட்டுபவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை. சிறிய சமையல் மேடை, அதன் மேல் ஒரு ஜன்னல். பார்க்க எளிமை, உழைப்பில் முரடு. தன் முழுச் சுமையையும் ஏற்றிக்கொண்ட பிறகும் ஏழாயிரம் பவுண்டு எடையை இழுக்கும் என்றான் டாரின். ஆர்லீனின் கார் நாலாயிரத்து முந்நூறுதான். நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துச் செல்லத் தோதான ஜாதி.

"இதுவே போதுமே மிலோ" என்றாள்.

மிலோ சமையல் மேடையை ஒரு விரலால் தொட்டுவிட்டு அந்த விரலைப் பார்த்தார்.

"ஆர்லீன், நாம ஒரு முகாமுக்குப் போறோம்னு வெச்சுக்கோ. பக்கத்து வண்டிக்காரரை ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடறோம். பெரிய டாக்டரா இருக்கலாம், ஜட்ஜா இருக்கலாம். அவரை எங்க உக்கார வைக்கறது? தலைக்கு மேல இருக்கற படுக்கையிலயா?"

"நம்ம வீட்டுக்கு நாப்பது வருஷத்துல எந்த ஜட்ஜ் வந்தான்?"

"நீ கூப்பிடல" என்றார் மிலோ.

மூன்றாவது வண்டி பேருந்து போல இருந்தது. பளபளப்பில் டாரினின் முகம் இரண்டாகத் தெரிந்தது. உள்ளே நாலு பேர் உட்காரும் தோல் சோபா, ஆள் உயரக் குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு கணப்பு அடுப்பு. கணப்பு என்றால் நிஜ நெருப்பு இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஆரஞ்சு விளக்கு அலையடித்தது. கட்டை வெடிக்கும் சத்தம் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது.

மிலோ அதன் முன் நின்று இரண்டு கைகளையும் நீட்டிக் குளிர் காய்ந்தார். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது.

"சார், சூட்டுக்குத் தனி சுவிட்ச். இது வெறும் வெளிச்சம்தான்" என்றான் டாரின் மெதுவாக.

"சூடு கிடக்கட்டும்டா. சூழல்! அதைப் பாரு."

பிறகு மூவரும் பின்பக்கம் போனார்கள். காரைக் கட்டி இழுக்கும் இரும்புக் கொக்கி அங்கே இருந்தது. அதன் மேல் வெள்ளை எழுத்தில் ஐயாயிரம் பவுண்டு என்று பொறித்திருந்தது. மிலோ சிரமப்பட்டு முழங்காலிட்டு, அந்த எண்ணை விரலால் தட்டினார்.

"ஐயாயிரம். உன் கார் நாலாயிரத்து முந்நூறு. கோ-பைலட்டோட நிபந்தனை நிறைவேறியாச்சு. டாரின், என்னைத் தூக்கிவிடு."

ஆர்லீன் அவரையே பார்த்தாள்.

போன மாதம் ஊர்ப் பொது மண்டபமான சோகோல் மண்டபத்தில் இதே மிலோ திரை கட்டி, படம் போட்டு, ஒன்றரை மணி நேரம் சொற்பொழிவு ஆற்றியிருந்தார். தலைப்பு: 'மோட்டார்ஹோமில் கார் இழுப்போர் செய்யும் மாபெரும் தவறு.' கொக்கியில் இருப்பது கொக்கி தாங்கும் எடை. வண்டி இழுக்கும் எடை வேறு. வண்டியும் காரும் சேர்ந்து எவ்வளவு போகலாம் என்று ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதிலிருந்து வண்டியின் முழு எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உன் காருக்கு. மீறினால் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. முன்வரிசையில் உட்கார்ந்து படத்தை மாற்றிக்கொண்டிருந்தவள் ஆர்லீன்தான்.

அவள் முன்பக்கம் போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"சேர்ந்து போகலாம்னு போட்டிருக்கறது இருபத்தாறாயிரம். இந்த வண்டி மட்டும் ரொம்பினா இருபத்திரண்டாயிரம். மிச்சம் நாலாயிரம். என் காருக்கு முந்நூறு குறையுது."

"கொக்கியில தெளிவாப் போட்டிருக்கே?"

"கொக்கியில போட்டிருக்கறதை நம்பாதீங்கன்னு நீதானே படம் போட்டுச் சொன்னே?"

"அது பொதுமக்களுக்குச் சொன்னது" என்றார் மிலோ.

டாரின் தன் ஷூவைப் பார்த்தான்.

"சரி, முந்நூறுதானே. எதையாவது குறைச்சுக்கலாம்" என்றாள் ஆர்லீன். அவளுக்கு நம்பிக்கை இன்னும் போகவில்லை. "மூணு அக்கார்டியன் எடுத்துட்டு வரேங்கறே. ஒரு வாத்தியம் போதுமே?"

"ஒண்ணு போல்கா நடனத்துக்கு, ஒண்ணு வால்ட்ஸுக்கு, ஒண்ணு அப்பாவோடது. எதைத் தூக்கிப் போடட்டும்? அப்பாவையா?"

"மான் கறி வெச்சிருக்கற ஃப்ரீசர்?"

"அதை நான் என் கையால சுட்டேன்."

"பக்கத்து வீட்டு ராய் சுட்டான். நீ தூக்கறதுக்குக் கூடப் போனே."

"டாரின் எதிர்ல இதெல்லாம் எதுக்கு?"

"சரி, விடு. தண்ணித் தொட்டியைக் காலியா வெச்சுக்கிட்டு ஓட்டலாம். போற இடத்துல ரொப்பிக்கலாம். அதுலயே எண்ணூறு பவுண்டு குறையுது. என் கார் தாராளமா வந்துடும்."

இது சரியான தீர்வு. டாரின் ஆமாம் என்று தலையாட்டவே ஆரம்பித்துவிட்டான். மிலோ அவனை ஒரு பார்வை பார்த்தார். பாதி ஆட்டத்தில் தலை நின்றது.

"பாலைவனத்து நடுவுல வண்டி நிக்குது. தாகம். என்ன பண்ணுவே?"

"பாட்டில் வாங்கி வெச்சிருப்பேன்."

"கூபிசெக் குடும்பம் காலித் தொட்டியோட ஊர் ஊராப் போகாது ஆர்லீன்."

அவள் கண்கள், அவளையும் மீறி, மிலோவின் தொப்பியிலிருந்து மெல்ல இறங்கி இடுப்பு வாரில் வந்து நின்றன. அந்த வண்டியில் ஏறப்போகும் பொருள்களில் எல்லாம் கனமான பொருள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு எதிரே நின்றுகொண்டிருந்தது. மிலோவுக்கு அந்தப் பார்வை புரிந்துவிட்டது. வயிற்றை உள்ளே இழுத்தார்.

"எதையாவது விட்டுத்தான் ஆகணும், ஒத்துக்கறேன்" என்றார் தணிந்த குரலில். "எதை விடறதுன்னு நான் பாத்துக்கறேன். என்னை நம்பு."

"எதை விடுவே?"

"நம்புன்னு சொல்றேன்ல?"

அவர் குரலில் அபூர்வமாக ஒரு கனிவு இருந்தது. அக்கார்டியனாகத்தான் இருக்கும் என்று ஆர்லீன் நினைத்தாள். பாவம், சொல்லக் கூச்சப்படுகிறார். அலுவலக அறையில் காகிதங்கள் ஏற்கெனவே அச்சடித்து அடுக்கி வைத்திருந்தன. டாரின் இப்படிச் சுறுசுறுப்பாக மாறிவிட்டானே என்றுகூட அவளுக்கு ஒரு மகிழ்ச்சி. மிலோ கையெழுத்துப் போட்டார். ஆர்லீன் வெளியே வந்து, தன் காரின் முன்பக்கத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறினாள்.

மாலையில் சோகோல் மண்டபத்தில் வழியனுப்பு விழா.

ஏற்பாடு செய்தது ஊர்மக்கள் என்று அழைப்பில் இருந்தது. ஊர்மக்களை ஏற்பாடு செய்தது மிலோ. பன்றி வறுவல், முட்டைக்கோஸ், மாவு உருண்டை, பழக்கூழ் வைத்த கொலாச்சி பன்கள் ஐந்தாறு வகை. மேடையில் மிலோவின் போல்கா பேண்டு, மிலோ இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியைக் கையில் எடுத்ததும் மிலோ பழக்கதோஷத்தில், "எல்லாரும் உக்காருங்க" என்றார். நின்றுகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். உட்கார்ந்துவிட்டார்கள்.

"நண்பர்களே! பயணம்னா என்ன? எதை எடுத்துட்டுப் போறோம்கறது பயணம் இல்ல. எதை விட்டுட்டுப் போறோம்கறதுதான் பயணம்."

ஆர்லீன் கொலாச்சி மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். இதோ, அக்கார்டியன் வரப்போகிறது. மூன்றில் எதை யாருக்குக் கொடுக்கப் போகிறாரோ?

"எங்க மருமக ஷெல்பியை உங்க எல்லாருக்கும் தெரியும். முதியோர் இல்லத்துல வேலை. போன வாரம் அவ கார் நடுரோட்டுல செத்துப்போச்சு. என் மகன் வெஸ் அயோவாவுல காத்தாலைக் கோபுரத்து மேல வேலை பாத்துட்டுத் தொங்கிட்டிருக்கான். இந்தப் பொண்ணு தினமும் விடியறதுக்கு முன்னால யார் யார் வண்டியிலயோ தொத்திக்கிட்டுப் போறா. இதைப் பாத்துட்டு நாங்க சும்மா இருக்க முடியுமா?" மிலோவின் குரல் தழுதழுத்தது. குரலைத் தழுதழுக்க வைப்பது அவருக்கு எப்போதும் கைவந்த கலை. "ஆர்லீனும் நானும் சேர்ந்து முடிவு பண்ணினோம். ஆர்லீனோட கார், இந்த நிமிஷத்துல இருந்து, ஷெல்பியோடது!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை வாசிக்கிற, ஊரின் இன்ஷூரன்ஸ்காரர் லம்பேர்ட் ஒரு பெரிய ஸ்வரத்தை ஊதினார். ஷெல்பி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். நெடுநெடுவென்று உயரமான பெண். அழுதுகொண்டே ஓடிவந்து, குனிந்து ஆர்லீனைக் கட்டிக்கொண்டாள்.

"உன் மனசு யாருக்கு வரும் ஆர்லீன்!" என்று கொலாச்சி மேஜையிலிருந்து ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

ஆர்லீன் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது ரொம்பச் சின்னது. 'இல்லை' என்றால் போதும். ஆனால் அந்தச் சொல் ஷெல்பியின் ஈரமான கன்னத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். இருட்டில் சாலையோரத்தில் அடுத்தவர் காருக்குக் காத்து நிற்கும் ஒரு பெண்ணிடமிருந்து காரைப் பிடுங்கினாள் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வதும் தப்பாக இருக்காது. மிலோ ஏமாற்று வேலைக்குப் பொய்யான காரணம் தேடியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். நிஜமான காரணத்தை அல்லவா பிடித்துவிட்டார்!

மேடையிலிருந்து மிலோ கையை நீட்டினார்.

"சாவி, கோ-பைலட்!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஆர்லீனின் கை தானாகவே கைப்பைக்குள் போயிற்று. வீட்டுச் சாவி போன பிறகு அந்த வளையத்தில் மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். வளையத்தோடு கொடுத்துவிட்டாள். முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதை யார் சிரிக்கச் சொன்னது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வாங்க ஆர்லீன், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றாள் ஷெல்பி. தன் கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தாள்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆர்லீன் வழக்கம்போல் ஓட்டுபவர் ஏறும் இடது பக்கக் கதவுக்குப் போனாள். ஷெல்பியும் அங்கேதான் வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓ" என்று ஆர்லீன் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள்.

ஷெல்பி உட்கார்ந்ததும் சீட்டை விர்ரென்று கடைசி வரை பின்னால் தள்ளினாள். கண்ணாடியைத் திருப்பினாள். அந்தக் கண்ணாடியில் இத்தனை நாள் தெரிந்துகொண்டிருந்த சாலை போய்விட்டது. அங்கே இப்போது ஷெல்பியின் கண்கள் இருந்தன.

"வண்டி சூப்பரா போகுது! பிரேக் எவ்வளவு மெத்துனு இருக்கு பாருங்க!"

"ஆமா" என்றாள் ஆர்லீன். அந்த பிரேக்கைப் புதிதாக மாற்றியவளுக்குத் தெரியாதா?

பெட்ரோல் நிலையம் தாண்டியது. தானியக் கிடங்கு தாண்டியது. ஆர்லீன் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"ஷெல்பி, திரும்பறப்போ கடையில ஒரு நிமிஷம் நிறுத்துவியா? பால் வாங்கணும். உனக்குச் சிரமம் இல்லேன்னா."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. உனக்குச் சிரமம் இல்லேன்னா. இந்த வாக்கியத்தை அவள் பதினாறு வயதில் உரிமம் வாங்கிய பிறகு யாரிடமும் சொன்னதே இல்லை. இனி அரிசோனாவில், டெக்சாஸில், எங்கெங்கோ முகம் தெரியாதவர்களின் வண்டிக் கதவருகே நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அல்லது மிலோவிடம். மிலோவிடம் என்றால் பாலின் வரலாற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

"இதுல என்ன சிரமம்? எத்தனை தடவை வேணும்னாலும்" என்றாள் ஷெல்பி.

"அப்புறம்… மண்டபம் வரைக்கும் நான் ஓட்டட்டுமா? கடைசியா ஒரு தடவை."

ஷெல்பியின் முகம் சிவந்துபோயிற்று.

"கோவிச்சுக்காதீங்க. இன்ஷூரன்ஸ்ல உங்க பேர் இப்ப இல்லையே. வியாழக்கிழமையே என் பேருக்கு மாத்தியாச்சே. லம்பேர்ட்தான் பண்ணிக் கொடுத்தார்."

"எந்த வியாழக்கிழமை?"

"முந்தாநாள்."

ஆர்லீன் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாலையின் இருபக்கமும் ஆளுயரச் சோளப் பயிர்.

"இன்னைக்குக் காலையிலதான் மோட்டார்ஹோம் பாக்கவே போனோம்" என்றாள்.

"அது எனக்கும் புரியல. அந்தப் பெரிய வண்டிக்கு மிலோ போன மாசமே முன்பணம் கட்டிட்டாரே? அதுல கார் கட்டி இழுக்க முடியாது, அதனால இந்தக் கார் எங்களுக்குத்தான்னு வெஸ்கிட்ட அப்பவே சொல்லிட்டார்." ஷெல்பி சட்டென்று வேகத்தைக் குறைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுன்னாரே. மண்டபத்துல மட்டும் புதுசாக் கேக்கற மாதிரி ஆச்சரியப்படணும், ஜனங்களுக்குப் பிடிக்கும்னார். நான் ஆச்சரியம்தான் நடிச்சேன் ஆர்லீன். அழுகை நிஜம்." குரல் உடைந்தது. "உங்களுக்கு… தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் காலையில் குளியலறையில் சிக்கிக்கொண்டது? சமையல் மேடையைத் தொட்டு விரலைப் பார்த்தது? முழங்காலிட்டுக் கொக்கியைத் தட்டியது? முடிந்துபோன வியாபாரத்துக்கு எத்தனை நாடகம்! அவளும் மெனக்கெட்டு அக்கார்டியனுக்கும் மான் கறிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பேரம் பேசியிருக்கிறாள். ஒரு பவுண்டு குறைந்திருந்தாலும், ஓராயிரம் பவுண்டு குறைந்திருந்தாலும் ஒன்றுதான். இது எடையைப் பற்றிய பேச்சே இல்லை. அவர் பேசும்போது எழுந்து போக அவளுக்கு ஓர் இடம் இருந்தது. அது இனி இல்லை.

"உங்க கையெழுத்து மட்டும் பாக்கி" என்றாள் ஷெல்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "கார் உங்க பேர்லதானே இருக்கு. செவ்வாய்க்கிழமை மிலோ காகிதம் கொண்டுவருவேன்னார். நான் என்ன பண்ணட்டும்? சொல்லுங்க. எனக்கு வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"விடிகாலையில எப்படி வேலைக்குப் போவே?"

ஷெல்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள்.

"மண்டபத்துக்கு ஓட்டும்மா" என்றாள் ஆர்லீன். பால் இருவருக்குமே மறந்துபோயிற்று.

வாசலோரம் வண்டி நின்றது. ஷெல்பி இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் முதுகில் ஒரு கணம் கையை வைத்துவிட்டு ஆர்லீன் இறங்கி உள்ளே போனாள்.

பேண்டு உச்சத்தில் இருந்தது. வாசலில் அவளைக் கண்டதும் மிலோ ஒலிபெருக்கியில், "இதோ வந்துட்டா என் கோ-பைலட்!" என்று அறிவித்துவிட்டு இறங்கி வந்தார். கூட்டம் வட்டமாக விலகி வழி விட்டது. ஒரு கையால் அவள் கையையும், இன்னொரு கையால் அவள் இடுப்பையும் பிடித்தார். போல்கா ஆரம்பித்துவிட்டது. நடனத்தில் மிலோ நிஜமாகவே கெட்டிக்காரர். அவர் பிடித்துச் சுற்றினால் சுற்ற வேண்டியதுதான். கால்கள் தரையில் இருக்கின்றனவா என்றுகூடப் பார்க்க முடியாது.

"வியாழக்கிழமை இன்ஷூரன்ஸை மாத்தியிருக்கே" என்றாள் ஆர்லீன் அவர் காதருகே.

மிலோவின் காலடி தவறவில்லை.

"இன்னைக்குப் போக நாப்பது மைல், வர நாப்பது மைல் நான் ஓட்டினேன். நீ பக்கத்துல உக்காந்து வாக்கி-டாக்கியில பேசிக்கிட்டு வந்தே. வழியில யாரையாவது இடிச்சிருந்தா?"

"நீ எப்பவும் நிதானமாத்தான் ஓட்டுவே."

"மிலோ, நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு."

"சிரி ஆர்லீன்" என்றார் மிலோ, பற்கள் தெரிய. "எல்லாரும் பாக்கறாங்க."

எல்லோரும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொலாச்சி மேஜைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லம்பேர்ட் மட்டும் இவர்கள் பக்கம் பார்க்காமல் டியூபாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். ஆர்லீன் சுற்றினாள். மேடை போயிற்று, கொடி போயிற்று, ஜன்னல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே அவளுடைய கார், உள்ளே கவிழ்ந்த ஒரு தலை. மறுபடி மேடை, கொடி, ஜன்னல். கார், தலை. கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். மிலோ அதை ஓர் அடவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகச் சுழற்றினார். கூட்டம் ஆரவாரித்தது.

மேடை. கொடி. ஜன்னல்.

காரின் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஷெல்பி இல்லை; சாவி வளையம் மட்டும் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.